நெஞ்சு நீரில் மீசோதீலியோமா: லேபுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், சித்தூர், காட்பாடி என தமிழக-ஆந்திர எல்லையின் இரு பக்கத்து மருத்துவமனைகளிலும், நெஞ்சில் நீர் கோர்த்து வருபவரைப் பார்த்ததும் டாக்டருக்கு முதலில் தோன்றுவது டிபி. நியாயமான சந்தேகம்தான். அடுத்து இதயம், சிறுநீரகம், கல்லீரல். அதற்கும் அடுத்து நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிப் பரவிய புற்று. நுரையீரல் உறையிலேயே தொடங்கும் புற்றான மீசோதீலியோமா இந்த வரிசையின் கடைசியில் இருக்கிறது. அரிய நோய் என்பதால் அதைத் தேட வேண்டும் என்ற நினைப்பே வராமல் போகிறது. நோயாளி டிபி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்; நீர் மறுபடி மறுபடி கோர்க்கும்.

நுரையீரலையும் மார்புச் சுவரின் உட்பக்கத்தையும் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை ப்ளூரா. அதன் மேல் ஒற்றை வரிசையாகப் படிந்திருப்பவை மீசோதீலியல் செல்கள். அந்தச் செல்களே புற்றானால் அது மீசோதீலியோமா. இதில் தீங்கற்ற வகை என்று ஒன்று கிடையாது; அதனால் உலக சுகாதார நிறுவனம் 2021 வகைப்பாட்டில் பெயருக்கு முன்னால் இருந்த ‘மாலிக்னன்ட்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டது. முக்கியக் காரணம் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். தென்னாப்பிரிக்காவின் வட கேப் சுரங்கப் பகுதியிலிருந்து 33 நோயாளிகளைத் தொகுத்து வாக்னரும் அவருடைய சகாக்களும் 1960இல் வெளியிட்ட கட்டுரைதான் இந்தத் தொடர்பை உலகுக்குக் காட்டியது.

ஸ்லைடு பார்க்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இவை மீசோதீலியல் செல்களா? ஆம் என்றால், இவை புற்றா, வெறும் எரிச்சலில் பெருத்தவையா? இந்த வரிசையை மாற்றக் கூடாது. புதியவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, முதல் கேள்விக்கு விடை தெரியுமுன் இரண்டாவதற்குத் தாவுவதால் வருபவை. ஆனால் இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைக்குமா கிடைக்காதா என்பது மைக்ராஸ்கோப்பில் கண் வைப்பதற்கு முன்பே, பாட்டிலிலும் சென்ட்ரிஃப்யூஜிலும் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

ஃபார்மில் என்ன கேட்க வேண்டும்

‘ப்ளூரல் ஃப்ளூயிட், ? டிபி’ என்று மட்டும் எழுதி வரும் ஃபார்மை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வயது, எந்தப் பக்கம், எத்தனையாவது முறை நீர் எடுக்கிறார்கள், சிடி ஸ்கேனில் உறை தடித்திருக்கிறதா, முன்பு ஏதாவது புற்றுக்குச் சிகிச்சையா என்று போன் போட்டாவது கேளுங்கள்.

வேலை பற்றிய கேள்விதான் கடினம். கல்நார்த் தூசு நெஞ்சுக்குள் போவதற்கும் நோய் தெரிவதற்கும் நடுவே 20 முதல் 50 ஆண்டுகள்கூட ஓடியிருக்கும். ‘என்ன வேலை செய்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘வீட்டில் சும்மாதான் இருக்கேன்’ என்பார். சின்ன வயதில் என்னென்ன வேலைக்குப் போனார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்ற சொல் பலருக்குப் பிடிபடாது. தமிழ் பேசுபவரிடம் ‘சிமெண்ட் ஷீட் அறுத்திருக்கிறீர்களா?’ என்றும், தெலுங்கு பேசுபவரிடம் ‘சிமெண்ட் ரேக்கு’ என்றும் கேளுங்கள். ஷீட் தயாரிப்பு, கூரை போடுதல், பாய்லர் குழாய்களுக்குச் சுற்றிய கயிறும் பூச்சும், பிரேக் லைனிங், நீராவி எஞ்சின் காலத்து ரயில்வே பட்டறை, கப்பல் உடைப்பு இவையெல்லாம் முக்கியம். கடப்பா மாவட்டத்துப் புலிவெந்துலா பக்கம் கல்நார் வெட்டியெடுத்த இடம். அந்தப் பக்கத்திலிருந்து வருபவரிடம் சுரங்க வேலையையும் கேளுங்கள். பெண்களிடம், அப்பாவோ கணவரோ என்ன வேலை செய்தார், தூசு படிந்த அவருடைய துணியைத் துவைத்தது யார் என்று கேட்க மறக்கக் கூடாது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வரும். நகரி, புத்தூர், பொதட்டூர்பேட்டை பக்கத்து விசைத்தறிக்காரர்கள் சுவாசிப்பது பஞ்சுத் தூசு. குப்பம், கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுப்பவர்கள் சுவாசிப்பது சிலிக்கா. இரண்டும் நுரையீரலைக் கெடுப்பவைதான். சிலிக்கா டிபி வரும் வாய்ப்பையும் கூட்டும். ஆனால் மீசோதீலியோமாவுக்கு இவை காரணமல்ல. ‘தூசு வேலை’ என்று பொதுவாக எழுதாமல், எந்தத் தூசு என்று எழுதுங்கள். கல்நார்த் தொடர்பே நினைவில் இல்லாத நோயாளிகளும் உண்டு. அதனால் மட்டும் மீசோதீலியோமா இல்லை என்று ஆகிவிடாது.

நீர் வந்து சேரும் வரை

குறைந்தது 50 முதல் 75 மில்லி வேண்டும். 5 மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் அனுப்பி ‘புற்று இருக்கா பாருங்க’ என்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். ஒரு லிட்டர் எடுத்துக் கொட்டிவிட்டு லேபுக்கு ஒரு ஸ்பூன் அனுப்புவதில் அர்த்தமில்லை. கிடைத்தால் 200 மில்லிகூட வாங்கிக்கொள்ளுங்கள்.

பாட்டில் சுத்தமாக, உலர்ந்திருந்தால் போதும். ஃபார்மலினோ ஸ்பிரிட்டோ ஊற்றக் கூடாது. ஊற்றினால் புரதம் திரிந்து கெட்டியாகும், செல் ஸ்லைடில் ஒட்டாது, பிறகு செய்யும் இம்யூனோவும் (செல்லில் உள்ள புரதங்களை நிறமேற்றிக் காட்டும் சோதனை) பொய் சொல்லும். ரத்தம் கலந்த நீர் உறையாமல் இருக்க ஒரு மில்லிக்கு 3 யூனிட் ஹெப்பாரின் என்ற கணக்கில் முன்கூட்டியே பாட்டிலில் போட்டு வைக்கலாம். அளவு மீறினால் செல் பிளாக் (செல் படிவை உறையவைத்து மெழுகில் புதைத்த கட்டி) செய்யும்போது படிவு உறையாமல் சிரமப்படுவீர்கள். நெஞ்சில் போட்ட குழாயின் பையில் நாள் முழுக்கத் தேங்கிய நீரை வாங்காதீர்கள். அதில் செல்கள் அழுகியிருக்கும். குழாயிலிருந்து புதிதாக இறங்கும் நீர்தான் வேண்டும்.

உடனே பதப்படுத்த முடியாவிட்டால் 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மூன்று நாள் வரை செல்கள் தாங்கும். ஃப்ரீசரில் வைத்தால் செல்கள் வெடித்துவிடும். பள்ளிப்பட்டிலிருந்தோ நகரியிலிருந்தோ பஸ்ஸில் அனுப்புவதானால், கத்திரி வெயிலில் வேலூர்ப் பக்கம் 40 டிகிரி தாண்டும் என்பதை நினைத்து, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் பேக் போட்டு, பாட்டில் ஐஸை நேரடியாகத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள்.

வந்ததும் முதல் வேலை, பார்ப்பது. நிறம், அளவு, உறைந்த கட்டி இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பிப்பெட்டை எடுத்துத் தூக்கும்போது நீர் தேன்போல நூலிழுத்தால் அதைத் தனியாக எழுதுங்கள். மீசோதீலியோமா செல்கள் ஹைலூரானிக் அமிலத்தைச் சுரப்பதால் சில நேரம் அப்படி வரும். எப்போதும் வராது, வந்தால் நல்ல துப்பு.

ஸ்பின், ஸ்மியர், ஸ்டெயின்

இந்த வட்டாரத்தில் ஒவ்வொரு நெஞ்சு நீரையும் டிபி இருக்கும் நீர் என்றே கருதிக் கையாளுங்கள். பயோசேஃப்டி கேபினெட், மூடியுள்ள பக்கெட், ஸ்பின் முடிந்ததும் 10 நிமிடம் பொறுத்துத் திறப்பது. இவற்றில் சலுகை வேண்டாம்.

பாட்டிலை மெதுவாகத் தலைகீழாகப் புரட்டிக் கலக்கி, குழாய்களில் ஊற்றி, 1500 முதல் 2000 ஆர்பிஎம்மில் 10 நிமிடம் சுற்றுங்கள். நூலிழுக்கும் நீராக இருந்தால் செல்கள் அடியில் படியாது; சம அளவு சலைன் கலந்து மறுபடி சுற்றுங்கள். மேல்நீரைக் கொட்டிவிடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள். டிபி சந்தேகத்தில் பார்க்கும் ஏடிஏ, புரதம், எல்டிஹெச் போன்ற வேதிச் சோதனைகளைக் கேட்டால் உதவும்.

ரத்தம் அதிகமென்றால் சிவப்பு அடுக்கின் மேல் வெள்ளையாக ஒரு மெல்லிய படலம் தெரியும். வேண்டிய செல்கள் அங்கேதான் இருக்கின்றன. அதிலிருந்து எடுங்கள். அப்படியும் சிவப்பணு மறைத்தால், ஸ்லைடில் தேய்த்த ஈர ஸ்மியரை, சிவப்பணுவை உடைக்கும் கார்னாய் திரவத்தில் 3 முதல் 5 நிமிடம் மட்டும் வைத்து 95 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள். அதற்கு மேல் வைத்தால் நியூக்ளியஸின் சாயம் வெளிறிப்போகும்.

நான்கு ஸ்மியர் போதும். இரண்டு, இழுத்த நொடியே 95 சதவீத ஆல்கஹாலில், குறைந்தது 15 நிமிடம். இவை பாப் (பாப்பனிகொலாவ்) ஸ்டெயினுக்கு. இரண்டு, காற்றில் காய்ந்து எம்ஜிஜி (மே-க்ருன்வால்ட்-ஜீம்சா) ஸ்டெயினுக்கு. ஆல்கஹாலுக்குப் போகும் ஸ்லைடு வழியில் காய்ந்தால் நியூக்ளியஸ் ஊதி, விவரம் மங்கி, சாதாரணச் செல்லும் புற்றுபோலத் தெரியும். எம்ஜிஜிக்கு அதற்கு நேர் எதிர்: மழைக்கால ஈரத்தில் மெதுவாகக் காய்ந்தால் கெடும், ஃபேன் காற்றில் வேகமாகக் காய வையுங்கள்.

நான்குக்கு மேல் ஸ்மியர் இழுக்கத் தோன்றும். வேண்டாம். மீதிப் படிவு முழுக்க செல் பிளாக்குக்கு.

செல் பிளாக்: இதில்தான் டயக்னோசிஸ் இருக்கிறது

ஸ்மியர் சந்தேகத்தை எழுப்பும். அதைத் தீர்ப்பது செல் பிளாக். ஆல்கஹாலில் போட்ட ஸ்மியரில் இம்யூனோ செய்தால் பல மார்க்கர்களில் (தேடும் புரதங்களில்) முடிவு நம்பும்படி இருக்காது. ஃபார்மலினில் பதமான, பாரஃபினில் புதைத்த கட்டியில் செய்வதுதான் ஒழுங்கு. ஒரே செல் கூட்டத்தை பத்துப் பன்னிரண்டு மார்க்கர்களில் பார்க்கவும் முடியும்.

பிளாஸ்மா-த்ராம்போபிளாஸ்டின் முறை சிறிய லேபிலும் நடக்கும். ஹெப்பாரின் போட்ட நீர் என்றால் முதலில் படிவை சலைனில் இரண்டு முறை கழுவுங்கள். இதை விட்டால் கட்டி உருவாகாது. படிவில் 2 முதல் 3 சொட்டு பிளாஸ்மா விட்டுக் கலக்குங்கள். பிறகு அதே அளவு த்ராம்போபிளாஸ்டின். ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பிடி டெஸ்டுக்கு வைத்திருக்கும் கால்சியம் உள்ள ரீஏஜென்டே போதும், அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். குழாயை மெல்லச் சாய்த்துச் சுழற்றினால் சில நிமிடத்தில் ஜெல்லிபோல இறுகும். குலுக்கினால் கட்டி உடையும். இறுகியதை வழுக்கவிட்டு லென்ஸ் பேப்பரில் மடித்து, கேசட்டில் வைத்து, 10 சதவீத நியூட்ரல் பஃபர்ட் ஃபார்மலினில் 6 முதல் 24 மணி நேரம் வையுங்கள். அவசரப்பட்டு ஒரு மணியில் எடுத்தால் உள்பக்கம் பதமாகாமல் நியூக்ளியர் மார்க்கர்கள் தோற்கும்.

பிளாஸ்மா எங்கிருந்து எடுத்தாலும் நன்றாக ஸ்பின் செய்து மேல்பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். வேறொருவரின் செல் உங்கள் பிளாக்கில் புகுந்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

மைக்ரோடோமில் வெட்டும்போது ஒரு சிக்கனம் அவசியம். முதல் முறையே வழக்கமான சாயமான ஹெச்-இ ஸ்லைடோடு, சார்ஜ் செய்த (துண்டு நன்றாக ஒட்டிக்கொள்ளும்) ஸ்லைடுகளில் 3 முதல் 4 மைக்ரான் தடிமனில் 10 வெற்றுத் துண்டுகளையும் எடுத்துவிடுங்கள். பிளாக்கைக் கழற்றி மறுநாள் மறுபடி பொருத்தினால், முகம் சமப்படுத்துவதிலேயே சில துண்டுகள் வீணாகும். செல் குறைந்த பிளாக்கில் அந்தச் சில துண்டுகள்தான் மொத்தச் சரக்கே.

மைக்ராஸ்கோப்பில்

முதலில் குறைந்த பெரிதாக்கத்தில் ஸ்லைடு முழுக்க ஒரு சுற்று. லிம்போசைட்டுகள் நிறைந்து, மீசோதீலியல் செல்கள் தேடினாலும் அகப்படாமல் இருந்தால் டிபி பக்கம் சாய்கிறது. மாறாக, மீசோதீலியல் செல்கள் கொட்டிக் கிடந்தால் நிதானியுங்கள்.

அடுத்துப் பார்ப்பது: செல்கள் ஒரே குடும்பமா, இரண்டு குடும்பமா? சுரப்பிச் செல்லில் தொடங்கிப் பரவி வந்த அடினோகார்சினோமாவில் அந்நியமான ஒரு கூட்டம் தனியே தெரியும். பக்கத்தில் உள்ளூர் மீசோதீலியல் செல்கள் வேறாக இருக்கும். அந்தக் கூட்டத்தின் உருண்டைகளுக்கு விளிம்பு பந்துபோல வழுவழுவென்றிருக்கும்; மியூசின் குமிழி நியூக்ளியஸை ஓரம் தள்ளியிருக்கும். மீசோதீலியோமாவில் சாதாரணமாகத் தெரியும் செல்லிலிருந்து பெரிதாய் விகாரமானது வரை ஒரே தொடராகப் போகும். எங்கே கோடு போடுவது என்றே தெரியாது. கொத்துகளின் விளிம்பு மல்பெரிப் பழம்போல முண்டு முண்டாக இருக்கும். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே ஜன்னல்போல இடைவெளி. சைட்டோபிளாசம் நடுவில் அடர்ந்து ஓரத்தில் வெளிறி இரண்டு நிறமாகத் தெரியும். நியூக்ளியஸ் பெரும்பாலும் நடுவில்.

இவை மீசோதீலியல் செல் என்பதற்கான அடையாளங்கள் மட்டுமே. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். ஜன்னல், இரண்டு நியூக்ளியஸ், மைட்டோசிஸ் எல்லாமே கல்லீரல் சுருக்க நோய், இதயச் செயலிழப்பு, நுரையீரல் இன்ஃபார்க்ஷன் (ரத்தம் தடைபட்டுத் திசு சாவது), ஆரம்ப கட்ட டிபி ஆகியவற்றில் எரிச்சலுற்ற நல்ல செல்லிலும் வரும். சில நேரம் எரிச்சலுற்ற செல் புற்றைவிட அவலட்சணமாக இருக்கும். மீசோதீலியோமாவின் செல்லோ சாதுவாக இருந்து ஏமாற்றும்.

அப்படியென்றால் புற்றின் பக்கம் சாய்ப்பது எது? எண்ணிக்கையும் அளவும். நூற்றுக்கணக்கான செல்கள் கொண்ட பெரிய முப்பரிமாண உருண்டைகள் ஏராளமாக இருப்பது. செல்களே வழக்கத்தைவிடப் பெருத்திருப்பது. பெரிய சிவந்த நியூக்ளியோலஸ் செல்லுக்குச் செல் தெரிவது. ஒரு செல் இன்னொன்றை விழுங்கியதுபோலக் கிடப்பது. கொத்தின் நடுவே எம்ஜிஜியில் இளஞ்சிவப்பாகத் தெரியும் கொலாஜன் தண்டு. பாப் ஸ்டெயினில் ஆரஞ்சு நிறத்தில் சுருங்கிய சிறு செல்கள். இவற்றில் ஒன்று மட்டும் இருந்தால் பேசாமல் இருங்கள். மூன்று நான்கு சேர்ந்தால் இம்யூனோ கேளுங்கள். கல்நார் பாடி (இரும்பு, புரதப் பூச்சுப் படிந்த கல்நார் இழை) நீரில் தென்படுவது மிக அரிது. அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இம்யூனோ: வரிசையும் பொறிகளும்

முதல் கேள்விக்கு, மீசோதீலியல் பக்கம் இரண்டு, கார்சினோமா பக்கம் இரண்டு மார்க்கர்களாவது வேண்டும். கேல்ரெட்டினினும் டபிள்யூடி-1உம் ஒரு பக்கம்; கிளாடின்-4உம் பெர்-ஈபி4உம் மறுபக்கம். கேல்ரெட்டினின் நியூக்ளியஸும் சைட்டோபிளாசமும் சேர்ந்து நிறம் பிடித்தால்தான் கணக்கு. டபிள்யூடி-1 நியூக்ளியஸில் மட்டும். மீசோதீலியல் பக்கத்து இன்னொரு மார்க்கரான டி2-40 சவ்வில். கிளாடின்-4 சவ்வில் தெளிவாக வந்தால் அது கார்சினோமா என்று ஏறக்குறைய உறுதி. நுரையீரல் சந்தேகமென்றால் டிடிஎஃப்-1 சேர்த்துக்கொள்ளுங்கள்.

பொறிகள்: சூலகத்து சீரஸ் கார்சினோமாவிலும் டபிள்யூடி-1 வரும். மீசோதீலியல் மார்க்கரான சிகே 5/6 ஸ்குவாமஸ் கார்சினோமாவிலும் வரும். ஜிஏடிஏ3 வந்ததைப் பார்த்து மார்பகப் புற்று என்று எழுதிவிடாதீர்கள். மீசோதீலியோமாவிலும் அது நிறைய வருகிறது.

இரண்டாவது கேள்விக்கு முன்பெல்லாம் டெஸ்மின், ஈஎம்ஏ இரண்டையும்தான் நம்பினார்கள்: டெஸ்மின் எரிச்சல் பக்கம், சவ்வில் தடித்த ஈஎம்ஏ புற்றுப் பக்கம். துணைச்சாட்சியாக வைத்துக்கொள்ளலாம்; தனியாக நம்ப முடியாது. இப்போது உறுதியானவை பேப்-1, எம்டேப் என்ற இரண்டு புரதங்களின் இழப்பு. மீசோதீலியல் என்று நிரூபணமான செல்லின் நியூக்ளியஸில் பேப்-1 காணாமல் போயிருந்தால் அது மீசோதீலியோமா. எம்டேப் பார்க்க வேண்டியது சைட்டோபிளாசத்தில். அதன் இழப்பு, சிடிகேஎன்2ஏ ஜீன் இரு பிரதியிலும் அழிந்ததற்கான மாற்று அடையாளம். ஜீனை ஒளிரவைத்துப் பார்க்கும் ஃபிஷ் வசதி உள்ள பெரிய மையத்தில் அதை நேரடியாகவே பார்க்கலாம்.

பேப்-1 படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புற்றுச் செல்லை அல்ல, பக்கத்தில் இருக்கும் லிம்போசைட்டை. அதன் நியூக்ளியஸ் பழுப்பாக இருக்க வேண்டும். அதுவும் வெளிறியிருந்தால் டெஸ்ட் தோற்றிருக்கிறது. ‘இழப்பு’ என்று எழுதினால் எரிச்சலுற்ற செல்லுக்குப் புற்றுப் பட்டம் கட்டிவிடுவீர்கள். இன்னொன்று: பேப்-1 இருக்கிறது என்பதால் மீசோதீலியோமா இல்லை என்று சொல்லவே கூடாது. கணிசமானவற்றில் அது அப்படியே இருக்கும். முதல் கேள்வியைத் தாண்டாமல் பேப்-1க்குப் போவதும் ஆபத்து. சிறுநீரகக் கார்சினோமா போன்ற வேறு சில புற்றுகளிலும் அது இழக்கப்படலாம்.

துண்டுகள் ஐந்து ஆறுதான் இருக்கிறதென்றால் கேல்ரெட்டினின், கிளாடின்-4, பேப்-1, எம்டேப் என்ற வரிசையில் செலவழியுங்கள்.

ரிப்போர்ட்

நெஞ்சு, வயிறு போன்ற உறைகளில் கோர்க்கும் சீரஸ் திரவங்களுக்கான சர்வதேச முறையில் ஐந்து வகை உண்டு: போதாத மாதிரி, புற்று இல்லை, முக்கியத்துவம் தெரியாத மாறுபாடு, புற்று என்ற சந்தேகம், புற்று. வகையின் பெயரோடு, எத்தனை மில்லி வந்தது, செல் பிளாக்கில் செல் எவ்வளவு, எந்த மார்க்கர் எந்த இடத்தில் நிறம் பிடித்தது என்றும் எழுதுங்கள். ஸ்மியரை மட்டும் பார்த்து மீசோதீலியோமா என்று எழுதாதீர்கள். உருவம், இம்யூனோ, சிடி மூன்றும் ஒரே திசையில் நின்றால் நீரிலிருந்தே எழுதலாம்.

புற்று தெரியவில்லை என்றால் ‘இந்த மாதிரியில் புற்றுச் செல் காணப்படவில்லை’ என்று எழுதி, நீர் மறுபடி கோர்த்தால் திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். நீர்ப் பரிசோதனையில் மீசோதீலியோமா பிடிபடும் வீதம் ஆய்வுகளில் ஏறத்தாழ 30 முதல் 75 சதவீதம் வரை மாறுகிறது. முதல் முறை எடுக்கும் நீரில் நெடுநாள் மிதந்து சிதைந்த செல்கள் இருக்கும். வடித்தபின் புதிதாகக் கோர்த்த நீரில் நல்ல செல் கிடைப்பதுண்டு. சார்கோமா வகை மீசோதீலியோமாவோ நீருக்குள் செல்லை உதிர்ப்பதே இல்லை எனலாம். சிடியில் உறை முடிச்சு முடிச்சாக ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடித்து நுரையீரலைச் சுற்றி வளைத்திருக்க, உங்கள் ஸ்லைடு காலியாக இருந்தால், நெஞ்சுக்குள் குழாய்க் கேமரா விட்டுப் பார்க்கும் தோரகோஸ்கோபியில் பயாப்சி எடுக்கச் சொல்லி ரிப்போர்ட்டிலேயே எழுதுங்கள். ஏடிஏ கூடியிருக்கிறது என்பதற்காக இந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

வேலை வரலாறு கிடைத்திருந்தால் அதையும் ரிப்போர்ட்டில் சேருங்கள். கல்நாரால் வரும் மீசோதீலியோமா, இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் சட்டப் பட்டியலில் உள்ளது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டு அல்லது ஓய்வுக்குப் பின் 15 ஆண்டு, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் உத்தரவிட்டிருக்கிறது. குடும்பத்தார் பழைய ஆலையிடம் அதைக் கேட்டு வாங்கலாம். கூடவே உங்கள் ரிப்போர்ட்டும் தேவைப்படும்.

நோயாளி வேலூருக்கோ சென்னைக்கோ திருப்பதிக்கோ போகிறார் என்றால் ரிப்போர்ட் காகிதத்தை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள். ஒரு பாப், ஒரு எம்ஜிஜி, மீதமிருக்கும் வெற்றுத் துண்டுகள் ஆகியவற்றை ஸ்லைடு பெட்டியில் வைத்து, செல் பிளாக்கைத் தனிக் கவரில் போட்டு, வெயில்படாமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள், பாரஃபின் உருகும். கவரின் மேல் லேப் எண், நீர் எடுத்த தேதி, ஃபார்மலினில் இருந்த நேரம், ஏற்கெனவே செய்த மார்க்கர்கள் ஆகியவற்றை எழுதிவிடுங்கள். வாங்கிப் போனவரின் கையெழுத்தை ரிஜிஸ்டரில் பெற்றுக்கொள்ளுங்கள்.